தேக்சாவில் வந்த கடிதங்கள்

வசந்தாமணியின் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட அன்று காலையில், காப்பிக்குச் சர்க்கரை எடுக்க அவள் டப்பாவைத் திறந்ததும், அதற்குள்ளிருந்து ஸ்டாக்ஹோம்காரர் ஒருவர் புளி கிடைக்காத ஊரில் ரசத்துக்கு என்ன விடலாம் என்று கேட்டார். எலுமிச்சம்பழம் பிழியோணும், ஆனா அடுப்பை அணைச்ச பிறகுதான் பிழியோணும் என்று அவள் பாட்டுக்குப் பதில் சொல்லி, சர்க்கரையைப் போட்டு, டப்பாவை மூடி, காப்பியை ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், அதே கேள்விக்கு அதே பதிலை வெகு வருஷங்களுக்கு முன்னால் தான் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது.

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டார் பட்டறைகளுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்ற அடுக்குமாடிக் கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் கல்யாணமான சில வருஷங்களிலேயே அவினாசி ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வேலை பார்த்த பஞ்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவை ஆலையோடு சேர்த்து இழுத்து மூடிவிட்டார்கள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ‘அயலூர்ச் சமையல்’ என்கிற செய்திக்குழு ஒன்றுதான். செய்திக்குழு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாட்ஸப்பெல்லாம் வருவதற்கு வெகு முன்னால், டெலிபோன் வயரைக் கணினியில் செருகி, அது கீச்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், ஒருவர் எழுதிப்போட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருப்பவரும் படித்து அதற்குக் கீழே பதில் எழுதிப்போடுகிற பொதுப்பலகை அது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், தோசைக்கல்லும் தெரியாமல் தோசையும் தெரியாமல் தவித்த பையன்கள் அதில் கேள்வி கேட்பார்கள். வசந்தாமணி பதில் எழுதுவாள். பையன்களுக்குக் கல்யாணமாகி, தொந்தி விழுந்து, அவர்களுடைய பிள்ளைகள் பீட்ஸா தின்னத் தொடங்கிய பிறகு குழு காற்று வாங்கியது. ஏழெட்டுப் பேர் எப்போதாவது எட்டிப்பார்த்தார்கள். அவள் மட்டும் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, யாராவது ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பார்த்தாள்.

பார்ப்பதற்கென்று தனியாக ஒரு நிரல் வேண்டும். குழுவில் அதற்கு வாசிப்பான் என்று பெயர். அவளுடைய வாசிப்பான் அரதப்பழசு. இருபது வருஷத்துக் கடிதங்களையும் ஒன்று விடாமல் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தது. புதிய இயங்குதளத்துக்கு மாறச் சொல்லிக் கணினி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது, அவளும் ‘பிறகு’ என்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அது கேட்பதை நிறுத்திவிட்டு மாறிக்கொண்டது. இந்த நிரல் இனி இங்கே ஓடாது என்று ஒரு வரி சொன்னது, அவ்வளவுதான். கடிதங்கள் உள்ளே, திறந்துவிட ஆளில்லை. ஆளில்லாவிட்டால் என்ன, நாங்களே வந்துகொள்கிறோம் என்று அவை வந்துவிட்டன. இதற்கு மேல் காரணம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடிதங்கள் பாத்திரங்களுக்குள் தங்கின. மூடியைத் திறந்தால் பேசும், மூடினால் நிறுத்திவிடும். முதலில் வசந்தாமணி வீட்டுப் பாத்திரங்கள் நிறைந்தன, அப்புறம் எதிர்வீடு, அப்புறம் மேல்மாடி, கீழ்மாடி, வாட்ச்மேனின் தூக்குப்போசி என்று இடம் பிடித்துக்கொண்டே போயின. சின்ன டம்ளரில் இரண்டு வரிக் கடிதம், பெரிய குண்டானில் நாலு பக்கக் கடிதம். ஒருவர் எழுதியதை எடுத்துக்காட்டி இன்னொருவர் பதில் எழுதுகிற இடம் வந்தால் குரல் ஒருதரம் கனைத்துக்கொண்டு மேலே போகும். எழுதியவர் எழுதிய வயதில் என்ன குரலோ அதே குரல், அதனால் பெரும்பாலும் இளவட்டக் குரல்கள். குக்கரில் மட்டும் யாரும் தங்கவில்லை. விசிலுக்குப் பயந்துகொண்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

கட்டிடத்து ஜனங்களுக்கு இரண்டு நாள் திகைப்பு, மூன்றாம் நாள் எரிச்சல், நாலாம் நாள் பழகிவிட்டது. சங்கத்துச் செயலாளர் தண்டபாணி, முன்னாளில் பம்ப்செட் வியாபாரி, இப்போது முழுநேரச் செயலாளர், ஒவ்வொரு தளத்திலும் அறிவிப்பு ஒட்டினார்: பரீட்சை நடப்பதால் மாலையில் யாரும் அண்டா, குண்டான் போன்ற பெரிய பாத்திரங்களைத் திறக்கக் கூடாது. மூன்றாவது மாடியில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன ஒருவர், டெக்சாஸிலிருந்து வந்த குறிப்பைக் கேட்டுக் கேட்டு வத்தக்குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார். அதைக் கேள்விப்பட்டு பெண்டாட்டி திரும்பி வந்தாள். மருமகள் பேச்சு பிடிக்காத மாமியார்கள் எவர்சில்வர் டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் சிட்னியில் ஒரு பையன் சுட்ட அடை கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றபோது, கட்டிடம் முழுக்க ஐயோ பாவம் என்றது.

வசந்தாமணிக்கு இது என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அரிசி டப்பாவைத் திறந்தால் ஒருவன் “வசந்தாக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தேன், நன்றாக வந்தது” என்றான். மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்தால் “வசந்தாக்காவுக்குப் பொங்கல் வாழ்த்துகள்”. பேச்சுத் துணை இல்லாமல் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்ட வீட்டில், இப்போது ஊறுகாய் எடுக்கப் போனாலும் ஒருவன் அக்கா என்று கூப்பிட்டான். அவளுக்கு அது தேவையாயிருந்தது. ஒரு வேலையும் இல்லாமல் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

ஆகவே தண்டபாணி வந்து, “ஏனுங் வசந்தாமணி, அந்தப் படிக்கிற சாப்ட்வேர் புதுசா ஒண்ணு போட்டா இதெல்லாம் உள்ளே போயிரும்னு சொல்றாங்ளே, சீக்கிரம் ஒண்ணைப் பாத்துப் போட்டுருங்க. எங்கூட்டுல சாமிக்கு வெக்கற சொம்புல எவனோ கோழி வறுக்கறானுங்” என்று சொன்னபோது, அவளுக்குச் சரி என்று சொல்ல மனம் வரவில்லை. மறுக்கவும் முடியவில்லை.

“பாக்கறனுங். எது நல்லதுன்னு பாத்துத்தானுங் போடோணும்” என்றாள்.

அவள் முதலில் தேர்ந்தெடுத்தது பார்க்க லட்சணமான வாசிப்பான். வட்ட வட்டமாக, பச்சையும் நீலமுமாக, கடிதங்களை உரையாடல் குமிழிகளாகக் காட்டும் என்று போட்டிருந்தது. அதை நிறுவி முடித்த நிமிஷத்தில் கட்டிடம் முழுக்க நிசப்தம் விழுந்தது. எல்லோரும் பாத்திரங்களோடு வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு ஒட்டிய தண்டபாணியே கையில் சொம்போடு படியேறி வந்து, “என்னுங், ஒரேயடியாப் போயிருச்சுங்களா?” என்று கேட்டார், அந்தக் கேள்வியில் அப்படியொன்றும் சந்தோஷம் இல்லை. உள்ளே பார்த்தால் யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்றே தெரியாமல் அந்த நிரல் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தது. கத்திரிக்காய்க் கேள்விக்குக் கீழே கேசரி பதில். அவள் அதை நீக்கினாள். குரல்கள் திரும்பி வந்தன, ஆனால் பாதிதான் வந்தன. ஊறுகாய் ஜாடி வாய்திறக்கவில்லை.

அன்று மத்தியானம் எதிர்வீட்டு ஷகிலா பானு வந்தாள். கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணங்களுக்கு பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்பவள், எதையும் படபடவென்று பேசிவிடுகிறவள். அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க வீட்டு பிரியாணி தேக்சால ஒருத்தர் இருக்கார்.”

“இருக்கட்டுமே கண்ணு. எல்லார் வீட்லயுந்தான் இருக்காங்க.”

“இவரு சமையலே பேசறதில்லக்கா. உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கறார். ‘வசந்தாமணி அவர்களுக்கு’ன்னு. மொதநாளே உங்களக் கூப்பிடலாம்னு இருந்தேன், அப்புறம் கேக்கக் கேக்க, இத எப்படிப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன். மேல்வீட்டு அண்டாலயும் அவர்தான். கீழே தண்டபாணி அண்ணன் வீட்டு வெந்நீர்த் தவலையிலயும் அவர்தான். பில்டிங்குக்கே தெரியும்க்கா, உங்களத் தவிர. இன்னிக்கு சத்தமெல்லாம் நின்னு போச்சு பாருங்க, அப்பத்தான், அய்யோ அக்கா கேக்காமலே அந்த மனுசன் போயிட்டாரேன்னு எனக்கு அழுகை வந்திருச்சு. நல்லவேளை, பாதி திரும்பி வந்துட்டார்.”

“பேரென்ன சொல்றார்?” என்று கேட்டாள் வசந்தாமணி, தெரிந்துகொண்டே.

“சவரிமுத்து. மவுன், போட்ஸ்வானா. ஒவ்வொண்ணு முடியறப்பவும் சொல்றாரே.”

சவரிமுத்து திண்டுக்கல்காரர், ஆப்பிரிக்காவில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொள்ளு கிடைக்காத ஊரில் கொள்ளுப்பருப்பு எப்படிக் கடைவது என்று கேட்டுக் குழுவுக்குள் வந்தவர். வசந்தாமணிக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னபடி வேறொரு பயறைப் போட்டுக் கடைந்து பார்த்துவிட்டு அவர் எழுதினார், நன்றி, நன்றாக வந்தது, இன்னொரு கேள்வி இருக்கிறது, நீங்களும் தனியாக இருக்கிறீர்கள், நானும் தனியாக இருக்கிறேன், அடுத்த லீவுக்கு வரும்போது உங்கள் வீட்டுக்கு வந்து முறைப்படி கேட்கலாமா? அதை அவர் பொதுப்பலகையில், உலகமே படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார். விளம்பரக் கடிதங்களுக்குப் பயந்து குழுவில் ஒருவரும் தங்கள் உண்மையான மின்னஞ்சல் முகவரியைப் போடுவதில்லை. தனியாகக் கேட்க அவருக்கு வேறு வழியும் இல்லைதான். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நாற்பது நாட்டுப் பையன்கள் கைதட்டி எழுதினார்கள். ஆலையில் பக்கத்து மேஜைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். கொழுந்தனார் வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் உடம்பெல்லாம் கூசிப்போய், வாசிப்பானில் அவருடைய பெயரைத் தேர்ந்தெடுத்து, ‘இவரைக் கண்ணில் காட்டாதே’ என்பதை அழுத்தினாள். செய்திக்குழுவில் அப்படி ஒரு வசதி உண்டு. ஒதுக்கியவருக்கு ஒதுக்கப்பட்டவரின் எழுத்து தெரியாது. ஒதுக்கப்பட்டவருக்குத் தான் ஒதுக்கப்பட்டதே தெரியாது. கொஞ்ச நாளில் எழுதுவதை நிறுத்தியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பிறகு அதையும் நினைக்காமல் விட்டாள்.

அவர் நிறுத்தவில்லை. வாசிப்பான் சொன்ன சொல் தவறாமல், ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே போட்டு, அவள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது. வெளியே வந்த பிறகும் அந்தக் கட்டளை மட்டும் அழியவில்லை. சவரிமுத்து அவள் வீட்டுப் பாத்திரம் ஒன்றிலும் கால் வைக்கவில்லை, அக்கம்பக்கத்தில்தான் தங்கினார்.

ஷகிலா வீட்டு அடுப்படியில், சீரகச் சம்பா மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வசந்தாமணியை உட்காரவைத்து, தேக்சாவின் மூடியைத் திறந்துவிட்டு, ஷகிலா நாகரிகமாக வெளியே போய் நின்றுகொண்டாள். வசந்தாமணி அவர்களுக்கு, என்றது நிதானமான ஒரு குரல். இங்கே ஆறு வந்துவிட்டது. மழை இங்கே பெய்வதில்லை, எங்கேயோ வேறு தேசத்தில் பெய்த மழை நடந்து நடந்து பல மாதம் கழித்து, நல்ல வறட்சிக் காலத்தில், மேகமே இல்லாத நாளில் ஊருக்குள் வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நீங்களும் ஒருநாள் பார்க்க வேண்டும். சவரிமுத்து, மவுன். மூடி மறுபடி திறந்தால் இன்னொன்று. இன்றைக்குக் காய்ச்சல், ஒன்றும் சமைக்கவில்லை. இன்றைக்கு ஒரு மாணவன் கணக்கில் நூற்றுக்கு நூறு. நீங்கள் பதில் எழுதாததில் எனக்குக் கோபம் இல்லை, படிக்கிறீர்கள் என்பதே போதும். சவரிமுத்து, மவுன்.

அவள் அழுதாள். அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். இருபது வருஷம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் வாசற்படி தாண்டாத வீடுகளுக்குள் போய், அடுப்படியில் உட்கார்ந்தாள். யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வாங்க என்றார்கள், முக்காலியைத் தள்ளிப் போட்டார்கள், பாத்திரத்தை எதிரில் வைத்துவிட்டு, துணி காயப்போடுவதற்கு இதுதான் நேரம் என்பது போல மொட்டை மாடிக்குப் போனார்கள். தண்டபாணி தன் வீட்டுத் தவலையை அவள் கேட்டு முடிக்கும்வரை அடுப்பில் ஏற்ற விடாமல், பச்சைத்தண்ணீரிலேயே குளித்தார்.

அங்கேதான், அந்தத் தவலையில்தான், கடைசிக் கடிதம் இருந்தது. கணினி மாறுவதற்குச் சில நாள் முன்னால் வந்தது. குரல் வயதாகியிருந்தது. வசந்தாமணி அவர்களுக்கு, இந்த மாதக் கடைசியோடு இங்கே செய்திக்குழுச் சேவையை நிறுத்துகிறார்களாம். அதற்கப்புறம் நான் எழுதினாலும் எங்கும் போகாது. நான் இன்னும் பழைய கணினியிலேயே இருக்கிறேன். இப்போது எல்லோரும் எழுதுகிற புதிய தமிழ் எழுத்து எனக்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. இங்கிலீஷ் எழுத்தில் வருவது விளம்பரமென்று தானாகவே குப்பைக்குப் போய்விடுகிறது. அதனால் நீங்கள் எப்போதாவது பதில் எழுதி, என் கணினியின் குற்றத்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். அப்படியிருந்தால் மன்னிக்க வேண்டும். சவரிமுத்து, மவுன்.

என் கணினியின் குற்றம் என்று அவர் சொன்னதுதான் அவளைக் கொன்றது. மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

அவள் இரண்டாவது வாசிப்பானை நிறுவினாள். கட்டிடம் மறுபடி அமைதியாயிற்று. நல்ல நிரல் அது, குற்றமே சொல்ல முடியாது; எதற்கு எது பதில் என்று ஒழுங்காக அடுக்கியது, புதுத் தமிழ் எழுத்து முத்து முத்தாகத் தெரிந்தது. ‘திரு. சவரிமுத்து அவர்களுக்கு’ என்று எழுதத் தொடங்கிப் பாதியில் கையை எடுத்தாள். இந்த முத்தெழுத்து மவுனுக்குப் போய்ச் சேரும்போது கேள்விக்குறிகளாகத்தான் சேரும். இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷருக்குக் கேள்விக்குறியையா அனுப்புவது? புதியதைப் பழைய எழுத்துக்கு மாற்றித் தருகிற தளம் ஒன்று முன்பு இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். அவள் நீக்கினாள். இந்தத் தடவை குரல்கள் சொற்பமாகத்தான் திரும்பின. ஷகிலாவின் தேக்சாவில் கொஞ்சம், தவலையில் கொஞ்சம். மூன்றாவது தடவையும் ஒன்றை நிறுவினால் குரல் எதுவும் திரும்பாது என்பது கட்டிடத்துக்கே விளங்கிவிட்டது.

மூன்றாவதாக ஒரு வாசிப்பான் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து, படமில்லை, பொத்தானில்லை, பார்க்க அவலட்சணம். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு; கொடுத்ததைத் திருத்தாமல், அழகுபடுத்தாமல், பழைய எழுத்தைப் பழைய எழுத்தாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் எழுதினால் அவர் படிக்கலாம். அவளால்தான் படிக்க முடியாது. பழைய எழுத்துருவைப் புதிய இயங்குதளம் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டது. அவள் எழுதுவதும் சரி, அவர் எழுதுவதும் சரி, அவளுடைய திரையில் கொம்பும் கொக்கியுமாக எந்த தேசத்து எழுத்தென்றே தெரியாமல் நிற்கும். குரல்களும் இருக்காது.

ஷகிலா கேட்டதும் கொதித்துப்போனாள். “பைத்தியமாக்கா உங்களுக்கு? தேக்சால இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு. அவர் சொன்னதுல பாதியக்கூட நீங்க கேக்கல. நாள் இருக்கில்ல, முழுசாக் கேட்டு முடிச்சிட்டு அப்புறம் போடுங்க.”

“அது தீராது கண்ணு. நான் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன், மாசம் முடிஞ்சு போகும். எனக்கு என்னைத் தெரியும்.”

“போனாப் போகட்டுமே. குரலாவது உங்ககிட்ட இருக்குமில்ல?”

“எங்கிட்ட இருக்கும். அவருகிட்ட என்ன இருக்கும்?” என்றாள் வசந்தாமணி. “இத்தனை வருசம் அவரு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. ஒருவாட்டியாச்சும் நான் சொல்லோணுமில்ல?”

ஷகிலா அதற்கு மேல் வாதாடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், படியிறங்கி ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். கட்டிடம் தன் பாத்திரங்களிடம் விடைபெற்றுக்கொண்டது. மாமியார்கள் டப்பாக்களைக் கடைசியாக ஒருதரம் திறந்து பார்த்தார்கள். சிட்னிப் பையனின் அடை எப்போது கல்லை விட்டு எழும்பியது என்று தெரியாமலே போகப்போகிறதே என்று மூன்றாவது மாடிக்காரர் வருத்தப்பட்டார். தண்டபாணி சாமி சொம்பைத் திறந்து, “சரிங் தம்பி, பாத்து இருங்க” என்றார்.

அவள் நிறுவினாள். தெருவில் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆலையில் வேலை பார்த்த காலத்தில் பழகிய தட்டச்சு, விரலுக்கு எழுத்து தெரியும். திரையைப் பார்க்காமல், சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். திரு. சவரிமுத்து அவர்களுக்கு, குற்றம் உங்கள் கணினியில் இல்லை. நீங்கள் கேட்ட அன்றைக்கே நான் உங்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவைத்துவிட்டேன், அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய எதையும் படிக்கவில்லை. எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போதுதான், அக்கம்பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து, கொஞ்சம் கேட்டேன். ஆறு வந்ததைக் கேட்டேன். காய்ச்சல் வந்ததைக் கேட்டேன். மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பதில் சொல்ல நேரமில்லாமல் போயிருக்கும். நீங்கள் அன்றைக்குக் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு என் எழுத்தே தெரியவில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வசந்தாமணி, கணபதி, கோயம்புத்தூர்.

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தாள். கொம்பும் கொக்கியும். தன் வாழ்க்கையில் எழுதிய முக்கியமான கடிதம் ஒன்றைத் தானே திருப்பிப் படிக்க முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் போல மோசமான நாட்கள் புருஷன் போன புதிதில்கூட வரவில்லை. சர்க்கரை டப்பாவில் சர்க்கரை மட்டும் இருந்தது. கட்டிடத்தில் பார்ப்பவர்கள் எல்லோரும் பதில் வந்ததா என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டார்கள், அவள் இல்லை என்று தலையசைத்தாள். ஷகிலா இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவர் இருபது வருஷம் இப்படி இருந்திருக்கிறாரே என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு நாலு நாளே தாங்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள் காலையில் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கடிதம் வந்து நின்றது. சின்னக் கடிதம், ஏழெட்டு வரி. ஓர் எழுத்துகூட அவளுக்குப் புரியவில்லை. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கோபமா, சமாதானமா, போய்வருகிறேன் என்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரியில் மட்டும் கொக்கிகளுக்கு நடுவில் சில எண்கள் நின்றன. எத்தனை எழுத்து மாறினாலும் எண்களை எந்தக் கணினியும் மாற்றுவதில்லை. முன்னால் ஒரு கூட்டல் குறி, அப்புறம் வரிசையாக இலக்கங்கள்.

“போன் நம்பர்க்கா!” என்று கத்தினாள் தோளுக்குப் பின்னால் நின்ற ஷகிலா. வசந்தாமணி போனை எடுத்ததும், யாரும் சொல்லாமலே வாசல் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. எடுத்தவர் இங்கிலீஷில் யாரென்று கேட்டார். தவலையில் கேட்ட அதே தளர்ந்த குரல்.

“நாந்தாங்க, வசந்தாமணி. கோயமுத்தூர்ல இருந்து.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

“நான் எழுதினதப் படிச்சீங்களா?” என்றார் அவர்.

“இல்லீங்க. படிக்க முடியிலீங்க. எழுத்தே தெரியிலீங்க, நம்பர் மட்டுந்தான் தெரிஞ்சுது. திட்டி எழுதியிருந்தாலும் பரவால்லீங்க, நீங்களே சொல்லிப்போடுங்க.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது, இருமின மாதிரியும் இருந்தது. “திட்டலைங்க. நீங்க தினமும் படிக்கிறீங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருசமும் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னிக்கு உங்களுக்கு என்ன எழுதலாம்னு யோசிப்பேன், அதுலயே சாயங்காலம் ஓடிரும். நீங்க படிக்கலைன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன். எழுதாம இங்க எப்படி இருந்திருப்பேன்னு தெரியல. தெரியாமப் போனதே நல்லதாப் போச்சு. அதத்தான் எழுதியிருந்தேன்.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாத்துக்கும் எங்கிட்ட காப்பி இருக்கு” என்றார் அவர். “நீங்க கேக்காம விட்டதெல்லாம். மொதல்ல இருந்து படிக்கட்டுங்களா? நெறைய இருக்கு, ரொம்ப நாள் ஆகும். உங்களுக்கு நேரம் இருக்குமா?”

வசந்தாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நேரத்துக்கென்னங்க, கெடக்குது” என்றாள். “படிங்க.”